உனக்கு யார் உண்டு?

தென்காசியில் எங்கள் சபையில் கஷ்டப்படுகிறவர்களுக்கு உதவ ஒரு நிதி இருந்தது. திக்கற்றோர் நிதி என்று பெயர். உதவி வேண்டியவர்கள் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கோயிலை ஒட்டிய சின்ன அறைக்குள் போய் நிற்க வேண்டும். குருவானவரும் கமிட்டிக்காரர்களும் நாற்காலியில் இருப்பார்கள். பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருந்த மூத்த கமிட்டிக்காரர், "உனக்கு யார் உண்டு?" என்று கேட்பார். "ஒருவரும் இல்லை, ஆண்டவர்தான் உண்டு" என்று பதில் சொல்ல வேண்டும். சொன்னால் உதவி கிடைக்கும். வீடு நிறையப் பிள்ளைகளைப் பெற்றவர்களும் அதையேதான் சொன்னார்கள். பொய் என்று கேட்கிறவருக்கும் தெரியும், சொல்கிறவருக்கும் தெரியும்.

வேதத்தில் ஏழைகளை விசாரிப்பது என்றால் போய்ப் பார்த்துக் கவனிப்பது. எங்கள் கமிட்டியில் விசாரிப்பது என்றால் நிற்கவைத்துக் கேள்வி கேட்பது. ஒரே சொல்தான். நாற்காலியில் உட்கார்ந்ததும் அதற்கு அர்த்தம் மாறிவிட்டது.

அந்த வருஷம் எங்கள் கூரை ஓலை மட்கிப்போயிருந்தது. ஆனி பிறந்தால் சாரல். குற்றாலத்துக்குக் குளிக்க வருகிறவர்கள் சாரல் எப்போது விழும் என்று ஆசையாகக் கேட்பார்கள். எங்கள் தெருவிலும் அதையே கேட்போம், வேறு குரலில். என் தகப்பனார் இறந்து நாலு வருஷம். அம்மா வீடுவீடாக நெல் குத்தி என்னைப் படிக்கவைத்தாள். எங்கள் குடும்பத்தில் எழுத்துத் தெரிந்த முதல் ஆள் நான். எட்டாம் வகுப்பு முடித்து, உபாத்தியாயர் பயிற்சிக்கு இடம் கேட்டுவிட்டுக் காத்திருந்தேன். சாரலுக்கு முன்னே ஓலை மாற்றாவிட்டால் மண்சுவர் ஊறி விழும். வேறு வழி இல்லாமல்தான் அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு அந்த அறைக்குப் போனாள்.

ஜவுளிக்கடைக்காரர் வழக்கம்போலக் கேட்டார். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். கேள்வி காதில் விழவில்லையோ என்று அவர் இன்னொரு தடவை சத்தமாகக் கேட்டார்.

"இந்தா நிக்கான்லா, அண்ணாச்சி" என்றாள் அம்மா.

நாற்காலிகளில் ஒருவர் சிரித்தார். ஜவுளிக்கடைக்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. "ஏளா, எல்லாரும் சொல்லுததுதான. சொல்லிட்டு ஓலைய வாங்கிட்டுப் போவியா."

"பிள்ளைய பக்கத்துல வச்சிக்கிட்டு யாருமில்லன்னு எப்படிச் சொல்ல?"

குருவானவர் நல்லவர். யார் மனமும் நோகக்கூடாது என்று நினைப்பவர். அவர்தான் வழி கண்டுபிடித்தார். "தம்பி, நீ கொஞ்சம் வெளியே நில்லு" என்றார்.

குருவானவர் சொன்னால் நகர்ந்து பழகிய கால் என்னுடையது. நகர்ந்தது.

"ஏலே, நில்லு" என்றாள் அம்மா. பிறகு அவரைப் பார்த்து, "எனக்குத் திக்கு இருக்கு, ஐயா. ஓலைதான் இல்ல" என்றாள்.

எனக்கு அப்போதுதான் நாக்கு வந்தது. "நான் வெளிய நின்னா எங்கம்மைக்கு மகன் இல்லாமப் போயிருவானா, ஐயா?" என்று கேட்டேன்.

அடுத்த ஆளை வரச்சொல்லிவிட்டார்கள். நாங்கள் வெறுங்கையோடு திரும்பினோம்.

நாலு எழுத்துப் படித்ததும் திமிர் வந்துவிட்டது என்று தெருவில் பேசினார்கள். ஒரு நிமிஷம் வெளியே நின்றிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும் என்று இன்றும் என்னிடம் கேட்கிறவர்கள் உண்டு. நான் நிற்க மாட்டேன். நாளைக்கு அதே அறையில் அதே வார்த்தையைச் சொன்னாலும் நிற்க மாட்டேன். அந்த நிதியில் கைப்பிடி அரிசி விற்ற காசும் சேர்ந்திருந்தது. உலை வைக்கும்போதெல்லாம் பெண்கள் ஒரு பிடி எடுத்துப் பானையில் போட்டுவைத்துக் கோயிலுக்குக் கொண்டுவரும் அரிசி. அரைவயிற்றுக் கஞ்சி காய்ச்சிய நாளிலும் அம்மா அந்தப் பிடியை எடுக்கத் தவறியதில்லை. அதை வாங்கிக்கொள்ளும்போது, உனக்கு யார் உண்டு என்று ஒருவரும் கேட்டதில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அவள் அரிசியைக் கொண்டுபோனாள். ஜவுளிக்கடைக்காரர் பார்க்கும்படியே பெட்டியில் கொட்டினாள்.

அன்றைக்கு உதவி கேட்டுப் போன ஒரு கிழவியிடம் அவர் அதே கேள்வியைக் கேட்டிருக்கிறார். எங்கள் கதை அதற்குள் தெருவெல்லாம் பரவியிருந்தது. "ரெண்டு பய உண்டு. ஒருத்தன் குடிக்கான். இன்னொருத்தன் பொண்டாட்டி சொன்னாத்தான் மூச்சு விடுவான். போதுமா?" என்றாளாம். குருவானவரே சிரித்துவிட்டாராம். அதன்பிறகு அந்தக் கேள்விக்கு அந்த அறையில் மதிப்பில்லாமல் போயிற்று.

சாரல் எங்களுக்காகக் காத்திருக்கவில்லை. மேற்குச் சுவரில் பாதி கரைந்து விழுந்தது. வீட்டில் இருந்த சட்டிபானை எல்லாவற்றையும் ஒழுகும் இடங்களில் வைத்துவிட்டு, என் புத்தகங்களை அம்மா தன் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த மழையில்தான் கோயில் மணியடிப்பவர் ஒரு வண்டி பனையோலையோடு வாசலில் வந்து நின்றார். குருவானவர் அனுப்பினாராம்.

அம்மா எழுந்துபோய் வண்டியை மறித்தாள். "என்ன சொல்லிக் குடுத்து விட்டாவ?"

"ஒண்ணுஞ் சொல்லல. கொண்டுபோய்ப் போடுன்னாவ."

"என்னைய என்னமும் சொல்லச் சொன்னாவளா?"

"இல்ல, தாயி."

"அப்பம் இறக்கு" என்றாள் அம்மா. என்னைப் பார்த்து, "ஏலே, வா, பிடி" என்றாள்.