தலைநிமிர்ந்த வண்டி

வேலப்பன்சாவடி மேன்ஷனைக் காலி செய்துவிட்டுப் பருத்திப்பட்டுக்கு வாடகை வீடு மாறிய அன்றுதான் ஷோபனா அக்காவை முதலில் பார்த்தேன். கட்டிலையும் பீரோவையும் வாசலில் இறக்கி வைத்துவிட்டு, போனில் சொல்லியிருந்த பிக்கப் வண்டிக்காக நானும் அப்பாவும் நின்றுகொண்டிருந்தோம். வண்டி வந்தது. சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை போட்ட, குள்ளமான ஒரு பெண் கதவைத் திறந்து குதித்தார். நான் அவரைத் தாண்டி வண்டிக்குள் எட்டிப் பார்த்தேன்.

"இன்னா நைனா, டிரைவர தேடுறியா? நான்தான். உள்ள ஸ்டெப்னி டயருதான் கீது."

அப்பா ஜெயங்கொண்டம் பக்கத்துக் கிராமத்தில் இருந்து அன்றுதான் வந்திருந்தார். அவரால் கேட்காமல் இருக்க முடியவில்லை. "இத நீயா ஓட்டுவ, தாயி?"

"ஓட்டிகினுதான பெருசு வந்தேன். தள்ளிகினா வந்தேன்?"

அப்பா சிரித்தார். பீரோவை ஏற்றும்போது ஒரு முனையை அக்காவே பிடித்தார். கயிறு கட்டி முடித்ததும் வண்டியை ஒரு சுற்று சுற்றிக் காட்டி, "பாத்துக்கோ, ஒரு கீறல் கீதா? ஓட்ட ஆரம்பிச்ச நாள்ல இருந்து எதுலயும் இடிச்சது இல்ல. ஸ்டாண்டுல கீற ஆம்பளைங்க வண்டிய போயிப் பாரு, அப்பளம் மாதிரி நெளிஞ்சிருக்கும்" என்றார்.

அவருக்குப் பெருமை என்றால் அதுதான். ஆவடி வண்டி ஸ்டாண்டில் பிக்கப் ஓட்டும் ஒரே பெண் அவர். பருத்திப்பட்டில் சாமியானா, நாற்காலி, சமையல் பாத்திரம் வாடகைக்கு விடும் சின்னக் கடையும் அவருடையது. சாமான்களைத் தானே ஏற்றி, தானே ஓட்டி, தானே இறக்குவார். கணவர் கஜபதி, பூந்தமல்லியில் லாரிகளுக்கு ஸ்பிரிங் பட்டை மாற்றும் பட்டறையில் நல்ல வேலைக்காரர். ஷோபனா அக்காவின் வண்டிக்குப் பின்பக்கம் ஒரு பட்டை கூடுதலாகப் போட்டுக் கொடுத்ததும் அவர்தான். எத்தனை அண்டா ஏற்றினாலும் பின்பக்கம் மட்டத்துக்குக் கீழே உட்காராது. ஆனால் லோடு இல்லாதபோது பின்பக்கம் தூக்கி, மூக்கு தரையைப் பார்த்தபடி நிற்கும்.

ஸ்டாண்டில் கோவிந்தராஜ் என்றொருவர், வாய்க்கு ஓய்வு கொடுக்காதவர். "இன்னா ஷோபனா, வண்டி குனிஞ்சிகினே போவுது? சில்லறைய கில்லறைய கீழ போட்டுட்டியா?" என்பார்.

"உன் மானம் கீழ உழுந்துச்சாம் மாமே, அதத்தான் தேடுது" என்று அக்கா திருப்பிக் கொடுப்பார்.

அடுத்த ஆண்டு நான் அதே பருத்திப்பட்டில், ஏரியைப் பார்த்த மாதிரி ஒரு ஃபிளாட் வாங்கினேன். எங்கள் வம்சத்தில் கல்லூரிப் படி ஏறியவன் நான்தான் முதல். மூன்றாவது மாடியில் சொந்த வீடு என்பது எங்கள் ஊருக்கே செய்தி. கிரகப்பிரவேசத்துக்கு வேன் பிடித்து வரப்போவதாக ஊரில் பாதிப் பேர் சொல்லிவிட்டார்கள். நாற்காலியும் பாத்திரமும் சொல்லி வைக்க, ஆயுத பூஜைக்கு முந்தின நாள் ஷோபனா அக்கா கடைக்குப் போனேன்.

கடை வாசலில் வண்டி நான்கு சக்கரமும் இல்லாமல் இரும்புத் தாங்கிகள் மேல் நின்றது. கழுவிய தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. பின்னால் தொட்டி காலி. முன் சக்கரம் இருக்க வேண்டிய இடத்தில் கஜபதி அண்ணன் தலையை விட்டிருந்தார். அந்த மனிதரைப் பல மாதங்களாகச் சுவரில் சாய்ந்து போன் பார்த்தபடியேதான் பார்த்திருந்தேன். பூந்தமல்லிப் பட்டறையை முதலாளி விற்றுவிட்டுப் போனதில் இருந்து அவர் எங்கும் வேலைக்குப் போகவில்லை. சவரம்கூட அக்கா சத்தம் போட்டால்தான். அன்றைக்கு முகமெல்லாம் கிரீஸ்.

"வா தம்பி, கரெக்டா வந்த. இத்த பாரு" என்று இரண்டு அலுமினிய வட்டுகளைக் காட்டினார். அம்பத்தூர் எஸ்டேட் லேத்தில் கடைந்து வாங்கியவை, தோசைக்கல் கனத்துக்கு மூன்று மடங்கு இருக்கும். "இது பேரு லிஃப்ட் கிட்டு. முன்னாடி ஷாக் அப்சார்பர கழட்டி, அது தலைல இத்த வெச்சு முடுக்கிட்டா, மூக்கு மேல வந்துரும். முன்ன பின்ன ஒரே மட்டம். வெளிநாட்டுல எல்லா பிக்கப்பும் இப்டித்தான் நிக்குது. போன்ல பாத்தேன்."

மாட்டுவதை நின்று பார்த்தேன். ஷாக்கைப் பிடித்திருந்த போல்ட்டுகளைக் கழற்றி, சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கையைக் கம்பி போட்டு அமுக்கி, ஷாக்கை ஸ்பிரிங்கோடு வெளியே எடுத்தார். வட்டை அதன் தலையில் உட்கார வைத்து, திரும்பவும் உள்ளே நுழைத்தார். நுழைய மறுத்தது. காலால் மிதித்து, அக்காவைக் கம்பிமேல் ஏறி உட்காரச் சொல்லி, எப்படியோ துளையும் போல்ட்டும் சேர்ந்தன. "வெயிட்டு பத்தல, இன்னும் ரெண்டு இட்லி துன்னுருக்கலாம்ல?" என்றார். அக்கா ஸ்பேனரை எடுத்து அவர் முதுகில் செல்லமாக ஒன்று வைத்தார். அவர்கள் இருவரும் சிரித்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

சக்கரம் மாட்டி வண்டியை இறக்கியதும், அண்ணன் ஒரு நூலைப் பிடித்து முன்னும் பின்னும் பார்த்தார். ஒரே மட்டம். மறுநாள் பூசணிக்காய் உடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி வண்டி நின்ற நிற்பை ஸ்டாண்டே வந்து பார்த்ததாம். பூஜையன்று யாரும் லோடு ஏற்ற மாட்டார்கள், அதனால் எல்லோரும் பார்த்தது காலி வண்டியைத்தான். கோவிந்தராஜே, "கஜா, கலக்கிட்ட நைனா. மாப்ள மாதிரி நிக்குது" என்று கைகொடுத்திருக்கிறார். வேலப்பன்சாவடிக் கல்லூரிப் பையன்கள் சிலர் படம் எடுத்துப் போனார்கள். அடுத்த வாரமே தங்கள் ஜீப், பிக்கப்புகளோடு வந்தார்கள். கஜபதி அண்ணன் காலையிலேயே குளித்து, சட்டைப்பையில் அளவு டேப்போடு நடமாட ஆரம்பித்தார்.

கிரகப்பிரவேசத்துக்கு முந்தின நாள் மதியம், சாமான் ஏற்றிவர நானும் போனேன். கூட ஆள் வந்தால்தான் எங்கள் ஃபிளாட் வாட்ச்மேன் வண்டியை உள்ளே விடுவார். நாற்காலிகள், மேஜைகள், அண்டாக்கள் எல்லாம் ஏறி முடிந்து அக்கா வண்டியை எடுத்தபோதுதான் கவனித்தேன். அவர் இரண்டு தலையணைகள் மேல் உட்கார்ந்திருந்தார். அப்படியும் கழுத்தை எக்கிக்கொண்டுதான் ஓட்டினார்.

"என்னக்கா, தலாணி?"

"லோடு ஏறிட்டா பின்னால அமுந்துது. முன்னால ஏற்கனவே தூக்கிக் கீதா, மூக்கு வானத்த பாக்குது. எனக்கு பானட்டுதான் தெரியுது, ரோடு தூரமாப் போயித்தான் தெரியுது. ஸ்டேரிங்கு வேற லேசாக் கீது, காத்துல புடிச்சிகினு ஓட்ற மாதிரி."

பின்பக்கத்தைக் கம்பெனிக்காரன் உயரமாக வைப்பதே லோடுக்காகத்தான் என்று எனக்கு அப்போது புரிந்தது. லோடு ஏறினால் அது இறங்கி மட்டமாகும். காலி வண்டியில் மட்டம் பார்த்ததுதான் தப்பாகிவிட்டது. அண்ணன் பார்த்த வீடியோக்களில் ஒரு வண்டியிலும் லோடு இருந்திருக்காது.

"அண்ணன்கிட்ட சொல்லிட்டீங்களாக்கா?"

"வாயத் தொறக்காத நீயும்." குரல் கடுமையாக வந்தது. உடனே தணிந்தது. "இப்பத்தான் மனுஷனா எழுந்து நடக்கறாரு. அந்தப் பசங்கல்லாம் அண்ணா அண்ணான்னு வந்துகினு கீறாங்க. நான் போயி உன் வேல சரியில்லன்னு சொல்லட்டா? மறுபடி செவத்துல சாஞ்சிடுவாரு. ஸ்டாண்டுல சொன்னா இன்னா சொல்லுவானுங்க? பொம்பளைக்கு ஓட்டத் தெரியலம்பானுங்க. ரெண்டு பக்கமும் எனக்குத்தான்டா அடி."

"அதுக்காக ரோடு தெரியாம எப்படிக்கா ஓட்டுவீங்க?"

"மெதுவாப் போறேன்ல."

மெதுவாகத்தான் போனார். ஏரிக்கரைத் தெருவில் பள்ளிக்கூடம் விட்டிருந்தது. எதிரே ஆட்டோ ஒன்று வந்ததால் நின்றோம். ஆட்டோ போனதும் கியரைப் போட்டு நகர்த்தினார். முன்னால் தட் என்று ஒரு சத்தம். தெருவோரத்தில் ஒரு அம்மாள் அலறினார்.

அக்கா பிரேக்கை மிதித்தார். அப்படியே இருந்தார், கதவைத் திறக்கவில்லை. நான் இறங்கி ஓடினேன்.

முன் சக்கரத்துக்கு அடியில் ஒரு நீலநிறப் புத்தகப்பை. சாப்பாட்டு டப்பா நசுங்கி, மீந்த தயிர்சாதம் தாரில் பிதுங்கியிருந்தது. சுவரோடு ஒட்டிக்கொண்டு ஒரு சின்னப் பெண். செருப்பு வாரைச் சரிசெய்ய வண்டிக்கு முன்னால் குனிந்திருக்கிறாள். வண்டி நகர்ந்ததும் பையைத் தோளில் இருந்து நழுவவிட்டுத் தாவியிருக்கிறாள். ஒரு சிராய்ப்புகூட இல்லை. அழவும் இல்லை. "என் பேக்கு" என்று மட்டும் சொன்னாள்.

அக்கா இறங்கி வந்து பையைப் பார்த்தார், பெண்ணைப் பார்த்தார். அவளைத் தலையில் இருந்து கால்வரை தடவினார். பிறகு நடைபாதையில் உட்கார்ந்துவிட்டார். கூட்டம் சேர்ந்தது. "பொம்பளைங்க கைல வண்டியக் குடுத்தா இப்டித்தான்" என்று எவனோ சொன்னான்.

நான் போன் போட்டுச் சொன்னதும் கஜபதி அண்ணன் ஓடிவந்தார். அந்தப் பெண்ணின் தாயிடம் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டு, அவர்களை ஆட்டோவில் அனுப்பிய பிறகுதான் மனைவியிடம் வந்தார்.

"இன்னா ஷோபனா? பாத்து எடுக்க மாட்ட? இவ்ளோ நாளா ஓட்ற."

அக்கா எழுந்தார். "நீ போயி சீட்டுல உக்காரு."

"இன்னாத்துக்கு?"

"உக்காருய்யா."

அவர் ஏறி உட்கார்ந்தார். அக்கா வண்டிக்கு முன்னால் வந்து, அந்தப் பெண் இருந்த இடத்தில், அவளைப் போலவே குனிந்து உட்கார்ந்தார். பக்கத்தில் தயிர்சாதம் ஈ மொய்த்துக் கிடந்தது.

"உக்காந்துட்டேன், சொல்லு" என்று உள்ளே இருந்து குரல் வந்தது. "எங்க போன? ஷோபனா?"

அக்கா செருப்பு வாரைப் பிடித்தபடி குனிந்தே இருந்தார்.

"ஏய், எங்க கீற? இன்னா வெளையாட்டு இது? தம்பி, எங்கப்பா அவ?"

நான் கையை நீட்டிக் காட்டினேன். அவர் கழுத்தை எக்கினார். அக்காவைவிட ஒரு முழம் உயரமான ஆள், அவருக்கே தெரியவில்லை. ஜன்னல் வழியாகப் பாதி உடம்பை வெளியே நீட்டி எட்டிப் பார்த்தபோதுதான், பம்பருக்கு ஒரு கை தூரத்தில் மனைவியின் தலை தெரிந்தது. அவர் முகத்தில் இருந்து எல்லாம் வடிந்துபோனது. இறங்கி வந்து வண்டியின் பக்கவாட்டில் நின்று, முன்னையும் பின்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"காலி வண்டில அளந்துட்டேன்" என்றார். "ஏன்டி சொல்லல?"

"சொல்லிருந்தா?"



சாமான் வந்து சேர வேண்டுமே. கஜபதி அண்ணனே ஓட்டினார். ஷோபனா அக்கா வண்டிக்கு முன்னால், அவருக்குத் தெரிகிற தூரத்தில், ஒரு கையைத் தூக்கியபடி நடந்தார். பின்னால் எல்லா வண்டிகளும் ஹாரன் அடித்தன. எங்கள் ஃபிளாட் வாசல்வரை அப்படித்தான் வந்தோம். ஊரில் இருந்து முன்கூட்டியே வந்திருந்த அப்பா, "ஏன் தாயி நடந்து வர்ற?" என்று கேட்டார். அக்கா நாற்காலிகளை இறக்க ஆரம்பித்தார்.

மறுநாள் விழா நன்றாக நடந்தது. அக்கா மட்டும் பந்திக்கு வரவில்லை.

அந்த வாரமே அண்ணன் வட்டுகளைக் கழற்றி, சக்கரங்களின் நேர் பார்த்து, வண்டியைப் பழையபடி ஆக்கினார். வேலப்பன்சாவடிக்குப் போய், தான் தூக்கிக் கொடுத்த வண்டிகளையும் இலவசமாகவே இறக்கித் தருவதாகச் சொன்னார். ஒருவன் மட்டும் ஒப்புக்கொண்டான். மற்றவர்கள் சிரித்தார்கள். "எங்க வண்டில லோடே ஏத்தறது இல்லண்ணா, கெத்துக்குத்தான் வெச்சிருக்கோம்" என்றார்களாம். தன் வேலையை அவரே கழற்றுகிறார் என்ற பேச்சு ஸ்டாண்டுக்கும் வந்து சேர்ந்தது. அதன்பிறகு லிஃப்ட் கிட் கேட்டு யாரும் அவரிடம் வரவில்லை.

நான் எதிர்பார்த்தது அவர்தான் திரும்பவும் சுவரில் சாய்வார் என்று. சாய்ந்தது அக்கா. வண்டி பழைய வண்டிதான், ரோடு நன்றாகத் தெரிந்தது. ஆனால் ஒவ்வொரு முறை நின்று எடுக்கும்போதும் இறங்கிப்போய் முன்னால் குனிந்து பார்த்துவிட்டுத்தான் ஏறினார். சிக்னலிலும் இறங்கினார். ஒருமுறை ஆவடி மார்க்கெட்டில் அவர் இறங்கிப் பார்த்து ஏறுவதற்குள் மறுபடி சிவப்பு விழுந்தது. பின்னால் கோவிந்தராஜின் வண்டி நின்றது. அவர் ஹாரன் அடிக்கவில்லை, ஒரு கிண்டலும் சொல்லவில்லை. அது அக்காவை இன்னும் உடைத்துவிட்டது.

"அவன் எதுனா சொல்லிருக்கலாம் நைனா" என்றார் என்னிடம். "நானும் திட்டிட்டு ஓட்டிகினு வந்திருப்பேன்."

அன்று சாவியைக் கடைக் கல்லாவுக்குள் போட்டவர்தான், மறுபடி எடுக்கவில்லை. "அக்கா, தப்பு உங்க மேல இல்லையே" என்று நானும் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். "தெரியும்டா. கைக்குத் தெரிய மாட்டேங்குது" என்கிறார்.

இப்போது வண்டியை ஜெகதீஷ் என்ற கொரட்டூர் டிரைவர் ஓட்டுகிறார். கஜபதி அண்ணன் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லாரிப் பட்டறையில் பட்டை வேலைக்குப் போகிறார். ஷோபனா அக்கா பருத்திப்பட்டில் கடையைப் பார்த்துக்கொள்கிறார். போன மாதம் அவருடைய லைசென்ஸ் காலாவதியானது. இன்னும் புதுப்பிக்கவில்லை.