ஒரு கண்ணுக்கு மூணு ஆஸ்பத்திரி

அன்று வீட்டில் இருந்தவர்கள். நான், கிழக்கேகோட்டை ஹோட்டலில் பரோட்டா மாஸ்டர். என் பெண்டாட்டி, பழவங்காடியில் பூக் கட்டி விற்பவள். மகள், துணிக்கடையில் வேலை. பக்கத்து வீட்டு ஆட்டோக்காரர், மலையாளி, எங்களோடு பேசிப் பேசியே தமிழ் வந்தவர். அப்புறம் மகளின் போன். அதையும் ஆளாகச் சேர்க்கலாம். அன்றைக்கு அதுதான் ரொம்பப் பேசியது.

என் பெண்டாட்டிக்கு ஒரு கண்தான். இடது கண் சின்னப் பிள்ளையிலேயே முள் குத்திப் போய்விட்டது. மிச்சமிருந்த வலது கண்ணில் புரை விழுந்தது. ஆபரேஷன் பண்ணியாக வேண்டும். பிசகினால் மாற்றுக் கண் கிடையாது. இவ்வளவுதான் விஷயம்.

முன்பெல்லாம் சட்டையில் ஏழு பொத்தானும் இருக்கிறதா என்று பார்த்துத்தான் என்னை வேலைக்கு அனுப்புவாள். அந்த வருஷ மழைக்காலத்தில் ஒன்று அறுந்து போனது. அவளுக்குத் தெரியவில்லை. நான் சொல்லவில்லை.

ஞாயிறு சாயங்காலம், கரமனை வீட்டில் உட்கார்ந்தோம். எங்கள் கைக்கு எட்டுகிற ஆஸ்பத்திரி மூன்று. மகள் போனில் ஒவ்வொன்றாகத் திறந்து வாசித்தாள். எனக்குப் பரபரப்பாக இருந்தது. வோட்டு எண்ணுகிற நாள் மாதிரி. ஆட்டோக்காரர் கட்டிலின் நுனிக்கே வந்துவிட்டார்.

முதல் ஆஸ்பத்திரிக்கு ஏகப்பட்ட ஸ்டார். ஜனங்கள் எழுதியதை மகள் வாசித்தாள். வண்டி நிறுத்த இடம் உண்டு. லிஃப்ட் பெரியது. கேன்டீனில் பழம்பொரி அருமை. ஒருத்தர்கூடக் கண்ணைப் பற்றி எழுதவில்லை.

ஸ்டார் எப்படி விழும் என்று எனக்குத் தெரியும். எங்கள் முதலாளி ஒரு மத்தியானம் எல்லார் போனையும் வாங்கி, எங்கள் கடைக்கே அஞ்சு அஞ்சு ஸ்டார் போட்டார். அதில் தோசை மாஸ்டர் போனும் ஒன்று. அவர் என் பரோட்டாவைத் தொட்டதே கிடையாது. இதைச் சொன்னேன். ஸ்டாரை விட்டுவிட்டோம்.

மூன்றாவது ஆஸ்பத்திரியின் பக்கத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தது. அதை அவர்களே போட்டிருந்தார்கள். போன வருஷம் எத்தனை புரை ஆபரேஷன், அதில் எத்தனை பேருக்கு இன்ஃபெக்‌ஷன் வந்தது, எத்தனை பேருக்கு மறுபடி கத்தி வைத்தார்கள் என்று. மற்ற இரண்டிலும் தேடினாள். சிரித்த டாக்டர் படம் இருந்தது. அந்தக் கணக்கு மட்டும் இல்லை.

ஆட்டோக்காரர் தொடையில் தட்டினார். கெட்டது நடந்த இடம் ஒன்றுதான், மற்ற ரெண்டும் சுத்தம், அல்லே என்றார். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. மூன்றாவதை அழித்துவிடு என்று மகளிடம் சொன்னேன். அவளும் தலையாட்டினாள். வேலை முடிந்தது என்று எழுந்தே விட்டேன்.

பெண்டாட்டி அதுவரைக்கும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். கையால் தடவித் தடவிப் பிச்சிப்பூ கட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, அந்த ரெண்டு பேரும் ஒண்ணுமில்லைன்னு எழுதியிருக்காங்களா, ஒண்ணும் எழுதாமலே இருக்காங்களா?"

எழுதவேயில்லை என்றாள் மகள்.

"தோவாளைப் பூ கொண்டுவர்றவனுவ மூணு பேரு. ரெண்டு பேரு கூடைக்கு அடியில என்ன கிடக்குன்னு வாயே தொறக்க மாட்டான். ஒருத்தன்தான், அக்கா, அடியில இவ்வளவு நேத்துப் பூ கிடக்கும்பான். நான் யார்கிட்ட வாங்குறேன்?"

நான் மறுபடி உட்கார்ந்தேன்.

மறுநாள் காலையில் மூன்று இடத்துக்கும் போன் போட்டோம். ஆட்டோக்காரர் சவாரியை விட்டுவிட்டு வந்தார். போனை நடுவில் வைத்து, சத்தம் வெளியே கேட்கிற மாதிரி பண்ணினாள் மகள். முதல் இடத்தில் அந்தக் கணக்கைக் கேட்டதும் பாட்டு போட்டார்கள். பாட்டு முடிந்தது, லைனும் போனது. இரண்டாவது இடத்தில், நேரில் வாருங்கள், டாக்டர் சொல்லுவார் என்றார்கள். மூன்றாவது இடத்தில் ஒரு பெண் எடுத்தாள். எழுதியிருந்ததையே திருப்பிச் சொன்னாள். சொல்லிவிட்டு அவள் ஒன்று கேட்டாள். மற்றக் கண் எப்படி?

மற்றக் கண் இல்லை என்றாள் மகள்.

அந்தப் பெண் யாரிடமோ கேட்டுவிட்டு வந்தாள். அப்படியானால் பெரிய டாக்டர் முதலில் பார்க்கட்டும், அவர் கையால்தான் பண்ண வேண்டும், நாளைக்கே வாருங்கள் என்றாள்.

எங்களிடம் வேறு யாரும் மற்றக் கண்ணைக் கேட்கவில்லை. "சேச்சி ஜெயிச்சு," என்றார் ஆட்டோக்காரர். வண்டியைத் துடைக்கப் போய்விட்டார். மகள் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. எத்தனையோ நாள் கழித்து.

ஆபரேஷன் அன்று சிரிப்பு வரவில்லை. வராந்தாவில் நின்றேன். அந்தக் கணக்கு நினைவுக்கு வந்தது. அதில் இருக்கிற ஒவ்வொன்றும் யாரோ ஒருத்தர் கண். அடுத்த வருஷக் கணக்கில் இவளும் இருக்கலாம். மறைக்காமல் சொன்னார்கள் என்பதற்காகக் கெட்டது வராமல் போகாது. மகளிடம் இதைச் சொல்லவில்லை. டீ வாங்கிக் கொடுத்தேன்.

மறுநாள் காலையில் கட்டைப் பிரித்தார்கள். டாக்டர் சொட்டு மருந்து விட்டார். எங்களைத் தள்ளி நிற்கச் சொன்னார். யாராவது தெரிகிறார்களா என்று கேட்டார். அவள் கண்ணைச் சுருக்கினாள், விரித்தாள். மகள் என் கையைப் பிடித்திருந்தாள். நகம் பதிந்தது.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் சட்டையைப் பார்த்தாள். மேலேயிருந்து கீழே, நிதானமாக. உதடு அசைந்தது. பார்வை கீழே போய் நின்றது. மறுபடி மேலேயிருந்து ஆரம்பித்தாள்.

"இந்தக் கோலத்துலயா ஊரெல்லாம் போயிட்டு வந்தீங்க?"

டாக்டருக்குப் புரியவில்லை. என்ன தெரிகிறது என்று கேட்டார். பொத்தான் என்றாள். எத்தனை என்றார்.

"ஆறு."