முறை இல்லாத நாள்

புறாக்களைத் தடுக்க பால்கனியில் இன்று கட்டிய நைலான் வலையின் புது வாசனை, படபடப்புக்கு மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்த என்னைத் எங்கள் ஏரிக்கரை ஊரான தோணிரேவின் மணல்மேட்டுக்குக் கொண்டுபோய்விட்டது. வீடுகள் எழும்பி அந்த மேடு இப்போது இல்லை.

ஏரியில் வலை போட ஒவ்வொரு குடும்பத்துக்கும் முறை வைத்திருந்தார்கள். எங்கள் முறை வராத நாளில், கண்ணெதிரே மீன் துள்ளினாலும், "இன்னிக்கி நம்மளுது இல்ல" என்று நைனா படகு நிழலில் வலையின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருப்பார். நூல் இழுபடும் அந்தச் சரசரப்பிலேயே நான் தூங்கிப்போவேன்.

போன மாதம் மகளைப் பார்க்கச் சென்னைக்கு வந்த நைனா, ஞாயிற்றுக்கிழமையும் சோற்றுத் தட்டோடு ஆபீஸ் போனில் பேசிக்கொண்டிருந்த என்னையே பார்த்திருந்தார்.

"இங்க உனுக்கு முறை இல்லாத நாளு எதும்மா?"

ஒரு நிமிஷம் என்று விரலைக் காட்டினேன். அந்த ஒரு நிமிஷம் முடியாமலே அவரை பஸ் ஏற்றிவிட்டேன்.