மணம் என்ற கட்டம்

எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு எந்த எண்ணெய் வந்தாலும் முதல் மரியாதை மூக்குக்குத்தான். விரலகலக் காகிதத் துண்டை எண்ணெயில் தோய்த்து முகர்ந்து, படிவத்தில் 'மணம்' என்ற கட்டத்தை நிரப்ப வேண்டும். ஒரு மணி நேரம் கழித்து மறுபடியும், மறுநாள் காலையில் இன்னொரு முறையும் முகர வேண்டும். பிறகுதான் ஜி.சி. என்று நாங்கள் கூப்பிடும் இயந்திரம். எண்ணெயில் என்னென்ன கலந்திருக்கிறது என்று அது பிரித்து, ஒவ்வொன்றையும் தாளில் ஒரு சிகரமாக வரைந்து தரும். இயந்திரத்தைப் பார்த்துவிட்டு மூக்கைக் கேட்கக் கூடாது என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். புதிதாக வருகிறவர்களிடம் இதை நானே கறாராகச் சொல்லியிருக்கிறேன்.

ஒரு காய்ச்சலுக்குப் பிறகு என் மூக்கு போயிற்று. அது போனதே எனக்குத் தெரியவில்லை. புனேயில், ஔந்த் பகுதியில் உள்ள என் ஃபிளாட்டில் ஒருநாள் பாலை அடுப்பில் வைத்துவிட்டுச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டுப் பெண்மணி கதவைத் தட்டி, மாடிப்படி வரை கருகல் நாறுகிறது என்றார். சமையலறையில் பாத்திரம் கருத்துப் புகைந்துகொண்டிருந்தது. நன்றி சொல்லிக் கதவைச் சாத்தினேன். அதோடு அவரிடம் பேச்சும் நின்றது. அதில் அவர் தப்பு ஒன்றுமில்லை. வெட்கப்பட்டால் எரிந்துவிழுவது என் சுபாவம், அவரைப் பார்க்கும்போதெல்லாம் வெட்கமாக இருந்தது.

டாக்டர், மோப்பம் திரும்பி வரலாம் என்றார், வராமலும் போகலாம் என்றார். இதைச் சொல்லத்தான் அவ்வளவு நேரம் காக்க வைத்தாரா என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன். வேறு யாரிடமும் சொல்லவில்லை. கட்கியில் நான் பிறந்து வளர்ந்த வெடிமருந்துத் தொழிற்சாலைக் குடியிருப்பில் ஒரு தும்மல் போட்டால் நாலு வீட்டில் கஷாயம் கொதிக்கும். அப்பா அம்மா காலமாகி, நான் இங்கே தனியாக வந்த பிறகு, உடம்புக்கு ஒன்று என்றால் யாரிடம் சொல்வது என்பதே மறந்துபோயிற்று. ஆய்வுக்கூடத்தில் சொல்லலாம்தான். ஆனால் இருபது வருடமாக அங்கே எனக்கு இருந்த ஒரே பெருமை இந்த மூக்கு.

அதனால் கள்ளத்தனம் செய்தேன். முதலில் ஜி.சி.யை ஓட்டுவேன், சிகரங்களைப் பார்ப்பேன், பிறகு அந்த எண்ணெய் எப்படி மணக்க வேண்டுமோ அப்படியே கட்டத்தில் எழுதுவேன். யாராவது பார்த்தால் காகிதத் துண்டை மூக்கருகே ஆட்டிக் கண்ணை வேறு மூடிக்கொள்வேன். எங்கள் மேலாளர் ஒருநாள் எல்லார் முன்னாலும், இவர் மூக்கும் மிஷினும் ஒருநாள்கூடச் சண்டை போட்டதில்லை என்று பாராட்டினார். கூச்சமில்லாமல் சிரித்து வைத்தேன்.

எட்டு மாதம் இப்படியே ஓடியது. பங்குனி வெயிலில் ஒரு பெண் லெமன்கிராஸ் எண்ணெய் கொண்டுவந்தார். புனேக்காரர்கள் தேநீரில் கிள்ளிப் போடும் அதே புல்தான். ஜுன்னர் பக்கம் சொந்த நிலத்தில் பயிரிட்டு, தன் வீட்டுப் பின்புறத்திலேயே அண்டா வைத்து வடிப்பவர். அந்த வருடத்தின் முதல் வடிப்பு அது. சிகரங்கள் அச்சடித்தாற்போல் இருந்தன. 'எலுமிச்சை மணம், சுத்தம், குறையில்லை' என்று எழுதிக் கொடுத்தேன். அதை நம்பி அவர் மிச்ச வயலையும் அறுத்து, அதே அண்டாவில் அதே மாதிரி வடித்தார்.

வாங்கியவர் மொத்த எண்ணெயையும் திருப்பி அனுப்பிவிட்டார். கருகல் வாடை. அண்டாவுக்குள் புல்லைத் தாங்கும் சல்லடை ஒரு பக்கம் உடைந்து, புல் அடியில் விழுந்து தீய்ந்திருக்கிறது. அந்த வாடைக்குத் துளியூண்டு போதும். இயந்திரத்தில் அது சிகரமாக எழாது, மூக்குக்கு மட்டுமே அகப்படும். வடிப்பவர்கள் நாள் முழுக்கப் புகையிலும் ஆவியிலும் நிற்பவர்கள். அந்த வாடை மூக்குக்குப் பழகிப்போவதால், தங்கள் எண்ணெயை அவர்களால் மோந்து சொல்ல முடியாது என்றுதான் எங்களிடம் வருகிறார்கள்.

அந்தப் பெண் வந்தபோது நான் என் மேஜையில் டப்பாவைத் திறந்து சாம்பார் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். எதிரே நின்றபடியே ஆரம்பித்தார். அவர் பேசியது மராத்தி. வெகுகாலமாகவே அது என் காதில் தமிழாகத்தான் விழுகிறது. முதல் வடிப்பிலேயே சொல்லியிருந்தால் சல்லடையை மாற்றியிருப்பேனே, ஒரு வயல் பயிரும் போயிற்றே, நீங்கள் மோந்தீர்களா இல்லையா என்று கேட்டார். எங்கள் முறைகளைப் பற்றி ஏதோ இங்கிலீஷில் ஆரம்பித்தேன். அவர் சட்டென்று பேச்சை நிறுத்திவிட்டுக் குனிந்து டப்பாவைப் பார்த்தார்.

"மேடம், அதைச் சாப்பிடாதீங்க. ஊசிப்போச்சு."

என் கை பாதியில் நின்றது. முந்தின நாள் வைத்த சாம்பார். புளிப்பது நாக்குக்குத் தெரிந்தது. புளி கொஞ்சம் தூக்கல் என்றுதான் நினைத்திருந்தேன்.

அவர் என் முகத்தையே பார்த்தார். கையிலிருந்த எண்ணெய் பாட்டிலை மெதுவாக மேஜையில் வைத்து, நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"எத்தனை நாளா?" என்றார்.

"எட்டு மாசமா."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"வீட்டுல கேஸ் கசிஞ்சா யாரு பாக்குறாங்க?"

எட்டு மாதத்தில் என்னை யாரும் கேட்காத கேள்வி. அவருடைய வயலைக் கெடுத்தவள் நான், அவர் என் அடுப்பைப் பற்றிக் கேட்கிறார். டப்பாவை மூடிவிட்டு அழுதேன்.

அன்றே மேலாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த எட்டு மாதப் படிவங்களை வரவழைத்து, மணம் என்ற கட்டத்தை ஒவ்வொன்றாக அடித்து, 'முகரப்படவில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். இனி எனக்கு இயந்திரம் மட்டும்தான் என்று முடிவாயிற்று. அந்தப் பெண்ணின் எண்ணெய் தரை துடைக்கும் திரவம் செய்பவர்களிடம் போனது. நான் மன்னிப்புக் கேட்டதற்கு, முதலில் வீட்டில் யாரையாவது மோந்து பார்க்கச் சொல்லுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். விஷயத்தைச் சொல்லி, கேஸ் வாடை வருகிறதா என்று ஒருமுறை பார்க்க முடியுமா என்று கேட்டேன். பெண்மணி உடனே செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். அடுப்படியில் மூச்சை இழுத்துப் பார்த்தார். சிலிண்டருக்குப் பக்கத்தில் குனிந்தும் பார்த்தார். கசிவு இல்லை என்றார்.

இருபது வருடப் பழக்கம், கேட்காமல் இருக்க முடியவில்லை. வேறு என்ன வாசனை வருகிறது என்றேன்.

அவர் தயங்கினார். மறுபடி ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"ரொம்ப நாளா பூட்டிக் கிடந்த வீட்டு வாடை."