கார் இல்லாத வீட்டில் ஒரு கார் சீட்

எங்களிடம் கார் கிடையாது. ஆவடி பக்கத்துச் சேக்காட்டில் எங்கள் தெருவில் கார் வைத்திருப்பவர்களே நிறுத்த இடமில்லாமல் அடுத்த தெருவில் விட்டுவிட்டு நடந்து வருகிறார்கள். அப்படியிருக்க, குழந்தையை உட்காரவைத்துக் கட்டும் கார் சீட் ஒன்று பெரிய அட்டைப்பெட்டியில் எங்கள் வீட்டில் வந்து இறங்கியது. எதிர்வீட்டு அக்கா எங்கள் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கார் எப்ப வருது?"

"கார் இல்லக்கா. இது பிளேனுக்கு."

அவர் கொஞ்சம் யோசித்தார். "ஏன், பிளேன்ல இப்பல்லாம் சீட்டு அவங்க தர்றதில்லையா?"

தருகிறார்கள். ஆனால் இரண்டு வயது ஆகாத குழந்தைக்குத் தாயின் மடிதான் சீட். போன தடவை அப்படித்தான் போனோம். பெல்ட் விளக்கு அணைந்ததும், பிள்ளை சிணுங்குகிறாளே என்று அவள் இடுப்பில் மாட்டியிருந்த சின்ன பெல்ட்டைக் கழற்றினேன். கொஞ்ச நேரத்தில் விமானம் திடீரென்று ஒரு பள்ளத்தில் இறங்கியது போல் விழுந்தது. காபி மேலே போனது. என் மகளும் மேலே போனாள். என் மடிக்கும் அவளுக்கும் நடுவே ஒரு சாண் காற்று இருந்ததை நான் பார்த்தேன். என் கையில் அகப்பட்டது அவள் சட்டையின் பின்பக்கம் மட்டும். அதைப் பிடித்து இழுத்துவிட்டேன். அவளுக்கு ஒரு கீறல் இல்லை. எனக்குத்தான் இன்னும் சரியாகவில்லை. லிஃப்ட் கிளம்பினால்கூட என் கை தானாகப் போய் அவள் சட்டையைப் பிடிக்கிறது. நாற்பதைத் தாண்டிப் பெற்ற ஒரே பிள்ளை.

டெல்லியில் நாத்தனார் வீட்டுக் கிரகப்பிரவேசம். ரயிலில் போகலாம் என்றேன். கணவர் லீவு இல்லை என்றார். அவருக்கு ஆவடியில் தொழிற்சாலை வேலை. "அப்படின்னா என் பொண்ணு கட்டிப்போட்ட சீட்லதான் வருவா" என்றேன். அவளுக்கு இப்போது இரண்டு வயது முடிந்துவிட்டதால் தனி டிக்கெட் எப்படியும் உண்டு. விமான நிறுவனத்துக்குப் போன் செய்து கேட்டேன். கொண்டுவரலாம், ஆனால் விமானத்திலும் பயன்படுத்தலாம் என்று அச்சடித்த லேபிள் சீட்டில் இருக்க வேண்டும், அதைக் காட்டினால்தான் உள்ளே விடுவோம் என்றார்கள். தேடித்தேடி அப்படியொரு சீட்டை வாங்கினேன். லேபிளில் சிவப்பு எழுத்து. பெட்டியைப் பிரித்ததும் நான் முதலில் தடவிப் பார்த்தது அதைத்தான்.

கிளம்பும் நாள் காலையில் எங்களை ஏர்போர்ட்டில் விட என் அண்ணன் வந்தார். ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். கூடத்தில் சீட்டைச் சுற்றி ஒரு சுற்று வந்தார்.

"பூஜை போட்டியா?"

"அண்ணே, இது வண்டி இல்ல. சீட்டு."

"ஆள் குந்தினு போனா வண்டிதான். புது வண்டிய பூஜ போடாமயா மேல அனுப்புவ? போன வாட்டி இன்னா ஆச்சுன்னு நீதான சொன்ன."

போன தடவையை அவர் எடுத்ததும் நான் பெட்டி கட்டப் போய்விட்டேன். சக்கரம் இல்லாததால் சீட்டின் நான்கு மூலைக்கும் நான்கு எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் காட்டி, தூக்கிவைத்து நசுக்கினாராம். மூன்று நசுங்கின. நான்காவதைக் காணவில்லை. பாப்பா எடுத்து விளையாடியிருப்பாள் என்று விட்டுவிட்டோம்.

ஏர்போர்ட்டுக்கு அவருடைய ஷேர் ஆட்டோவிலேயே போனோம். அதில் பெல்ட் ஏது. சீட் கணவர் மடியில் வந்தது. குழந்தை என் மடியில் வந்தாள். வழியெல்லாம் அவள் சட்டையை விடவில்லை நான்.

பாதுகாப்புச் சோதனையில் நான்காவது பழம் கிடைத்தது. சீட்டின் அடிப்பக்கப் பொந்தில் மாட்டியிருந்தது. சோதித்தவர் அதை வெளியே எடுத்தார், பழத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எடுத்த இடத்திலேயே பயபக்தியுடன் திரும்ப வைத்தார்.

விமானத்தின் வாசலில் பணிப்பெண் சிரித்துக்கொண்டே லேபிளைக் கேட்டார். நான் பெருமையாகச் சீட்டைத் திருப்பினேன். லேபிள் இருந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனம். நடுவில் குங்குமம். சீட்டிலேயே வழவழப்பாக, நெற்றி மாதிரி இருந்த இடம் அது ஒன்றுதான். அண்ணன் வேறெங்கே வைப்பார்?

லேபிள் தெரியாவிட்டால் சீட்டை அடியில் சரக்கோடு போட்டுவிடுவோம், குழந்தை விமான சீட்டில் பெல்ட் போட்டுக்கொள்ளட்டும் என்றார் பணிப்பெண். அந்த பெல்ட் அவளுக்கு எவ்வளவு தொளதொளவென்று இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஈரத் துணியால் தேய்த்தேன். சந்தனம் அசையவில்லை. சிவப்பு மட்டும் துணியில் வந்தது. குங்குமம் வருகிறதா, எழுத்தே வருகிறதா என்று தெரியாமல் கையை எடுத்துவிட்டேன். பின்னால் வரிசை நின்றது. கணவர் அண்ணனுக்குப் போன் போட்டு என் காதில் வைத்தார்.

"சந்தனத்துல இன்னா கலந்த?" பதற்றத்தில் எனக்கும் அண்ணன் பாஷை வந்துவிட்டது.

"கொஞ்சூண்டு பசை. ஆட்டோல வெச்சாலே பூந்தமல்லி போறதுக்குள்ள காத்துல உதுந்துடுது. இது பிளேனு. காத்து எப்டி அடிக்கும்?"

"ஜன்னல் மூடித்தான் இருக்கும்ணே."

"அத்த மின்னாடியே சொல்றதில்ல?"

"எப்டி எடுக்கறது?"

"எடுக்கறதா? அது ஏம்மா எடுக்கற?" அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "எடுத்தே ஆவணும்னா எண்ண வெய்யி."

பாப்பாவின் தலைக்குத் தேய்க்கச் சின்ன சீசாவில் தேங்காய் எண்ணெய் வைத்திருந்தேன். விமான வாசலில் தரையில் உட்கார்ந்து, கார் சீட்டுக்கு எண்ணெய் தேய்த்தேன். வரிசையில் நின்ற ஒருவர், "தீபாவளியாம்மா?" என்றார். யாரோ சிரித்தார்கள். நகத்தால் ஓரத்தைத் தூக்கினேன். சந்தனம் அடை போலப் பெயர்ந்து வந்தது. அடியில் சிவப்பு எழுத்து அப்படியே இருந்தது. பணிப்பெண் குனிந்து, விரலால் தொடாமல், முழுவதும் படித்தார். "ஜன்னல் ஓரம் வையுங்கள்" என்றார். எனக்கு அழுகை வந்தது.

சீட்டைப் பொருத்தி, அவளைக் கட்டி, வாரை இழுத்து இழுத்துப் பார்த்தேன். "போதும், மூச்சு விடட்டும்" என்றார் என் மறுபக்கம் இருந்த கணவர்.

பாதி வழியில் அது வந்தது. அதே பள்ளம். என் கை பக்கவாட்டில் பாய்ந்தது. ஆனால் சட்டையைப் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. அவள் இருந்த இடத்திலேயே இருந்தாள். தலை மட்டும் ஆடியது. விமானம் இன்னொரு முறை விழுந்து எழுந்ததும் அவள் சொன்னாள்:

"இன்னொரு வாட்டி."

என் கைகளுக்கு வேலை இல்லாமல் போனது. அவற்றை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. டெல்லி வரும்வரை கணவரின் சட்டையைப் பிடித்திருந்தேனாம். இரண்டு பட்டன் போயிற்று என்று அவர் பிறகு சொன்னார்.

தரையிறங்கி பிரேக் பிடித்தபோது எங்கள் காலடியிலிருந்து ஏதோ புறப்பட்டு, நடைபாதை வழியாக முன்பக்கம் உருண்டு போனது. விமானம் நின்றதும் பணிப்பெண் அதை எடுத்து உயர்த்திக் காட்டினார். மஞ்சளாக, நசுங்காமல் இருந்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நானும் கணவரும் வேறு யாரோ போல ஜன்னலுக்கு வெளியே பார்த்தோம்.

"மாமா பழம்" என்றாள் என் மகள், கட்டிய சீட்டிலிருந்து, விமானம் முழுக்கக் கேட்கும்படி.