டீசாவுக்குப் போகவேண்டிய டிரான்ஸ்ஃபார்மர்

வடோதராவுக்கு வெளியே இருக்கும் அந்த டிரான்ஸ்ஃபார்மர் ஆலையில், எது முந்தி எது பிந்தி என்று தீர்மானிப்பவர் அம்ருத் மாளி. ஒரு காலத்தில் அது தலைவலியில்லாத வேலை. செய்துவைத்த டிரான்ஸ்ஃபார்மர்கள் கேட்பாரற்றுக் கிடக்க, அவற்றைச் சுற்றிப் புல் முளைக்கும். பிறகு காற்று திசைமாறியது. அமெரிக்காவில் டேட்டா சென்டர்கள், சவுதியில் புது நகரங்கள், ராஜஸ்தானில் சூரிய மின்பண்ணைகள் என்று எல்லாரும் ஒரே சமயத்தில் கை நீட்டினார்கள். சுருள்களின் ஈரத்தை உலர்த்தும் அடுப்போ ஆலையில் ஒன்றுதான்; ஒன்று உள்ளே போனால் மற்றது காத்திருக்கவேண்டும்.

அந்தக் குளிர்காலத்தில் முதலாளி அவரைக் கூப்பிட்டார். "அம்ருத்பாய், டெக்சாஸ்காரன் கழுத்துல கத்தி வைக்கிறான். இவனைப் பிடிச்சுட்டா அந்தப் பக்கம் முழுக்க நம்ம கையில. யாரையாவது பின்னால தள்ளுங்க."

"நம்ம மின்வாரிய ஆர்டரைத்தான் தள்ளணும், சேட்."

"தள்ளுங்க. அவங்க எங்க போயிடப்போறாங்க?"

அம்ருத் தள்ளினார். அது வட குஜராத்தில் டீசாவுக்குப் பக்கத்துத் துணை மின்நிலையத்துக்குப் போகவேண்டியது என்று அவருக்குத் தெரியும். அவர் பிறந்த மண் அது. தங்கை ரேவாவும் அவள் கணவர் கேசாஜியும் உருளைக்கிழங்குக் குளிர்பதனக் கிடங்கு நடத்துவதும் அங்கேதான். இருக்கிற பழசு இன்னொரு கோடையைத் தாங்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

தாங்கவில்லை. மே மாத வெயிலில் எரிந்தேபோனது. பக்கத்து நிலையத்திலிருந்து கொஞ்ச நேரம் மின்சாரம் வரும், போகும். கேசாஜி ஓயாமல் ஓட்டிய ஜெனரேட்டரும் சூடேறி நின்றுவிட்டது. கிழங்கு மூட்டைகள் வியர்த்து, கறுத்து, நாறின. நம்பி வைத்த விவசாயிகள் அதை அள்ளிக் கிடங்கு வாசலிலேயே கொட்டினார்கள். "கேசாஜி, இதை உன் வீட்டுலயே சமைச்சுத் தின்னு!" என்று ஒருவர் கத்தியது மாடியில் நின்ற ரேவாவின் காதில் விழுந்தது.

சேதி தெரிந்ததும் அம்ருத் முதலாளியோடு சண்டைபோட்டு அந்த டிரான்ஸ்ஃபார்மரை முன்னுக்கு இழுத்தார். ஆனாலும் மழை பிடித்த பிறகுதான் அது ஊர்போய்ச் சேர்ந்தது. ஜனங்கள் தேங்காய் உடைத்தார்கள். அதோடு கூடவே வந்த அம்ருத்துக்குச் சால்வை போர்த்தினார்கள். "நம்ம அம்ருத்பாய் மட்டும் இல்லேன்னா இந்த வருஷம் முழுக்க இருட்டுதான்" என்று கேசாஜி எல்லோர் முன்னிலும் கண்கலங்கினார்.

வீட்டில் ரேவா கம்பு ரொட்டியில் வெண்ணெய் தடவிப் போட்டாள். அம்ருத் ரொட்டியைத் தட்டின் ஓரமாக ஒதுக்கினார். கேசாஜி கைகழுவ எழுந்துபோனார்.

"ரேவா, இது மார்ச்லயே வந்திருக்கணும். நான்தான் பின்னால தள்ளுனேன்."

அவள் வெண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "எங்க ஊருக்குன்னு தெரியாமலா?"

"தெரிஞ்சுதான்."

கொல்லையில் கேசாஜி கைகழுவும் சத்தம் கேட்டது. அவள் அந்தப் பக்கம் பார்த்தபடி குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "சொல்லாமலே போயிருக்கலாமே, மோட்டாபாய். உங்க பாரத்தை என் தலையில இறக்கிட்டீங்க. அவர் உங்களைச் சாமியா நினைக்கிறாரு. தினமும் அவர் முகத்துல முழிக்கப்போறவ நான்தானே?"

விவசாயிகளுக்கு நஷ்டஈடு கொடுக்கக் கேசாஜி கிடங்கை விற்றுவிட்டார். வாங்கியவரிடமே இப்போது மேற்பார்வை பார்க்கிறார். டெக்சாஸ்காரர்கள் மேலும் மேலும் கேட்டதில் ஆலைக்கு இரண்டாவது அடுப்பு வந்தது. அம்ருத்துக்குப் பதவி உயர்வும் வந்தது.

அதன்பிறகு ரட்சாபந்தனுக்கு ரேவா வருவதில்லை. ராக்கி கூரியரில் வருகிறது. அம்ருத்தின் மனைவிதான் அதைப் பிரித்து அவர் கையில் வைக்கிறாள்.

"உங்க தங்கச்சிக்கு அப்படி என்னதான் கோபம்?"

"கோபமெல்லாம் இல்லை. அங்க வேலை ஜாஸ்தி" என்கிறார் அம்ருத்.