கோணி ஊசியும் சிவப்புக் கைப்பிடியும்

தலைகீழாக முட்டி போட்டிருக்கிறீர்களா? அதுவும் தண்ணீருக்குள்?

போன ஞாயிற்றுக்கிழமை காலை, சிங்கவரம் பக்கத்து ஏரியில் நான் அப்படித்தான் இருந்தேன். கால் மேலே, கவிழ்ந்த படகுக்குள். தலை கீழே, பாசிக்குள். இரண்டு தொடையின் மேலும் இறுக்கமான பட்டை. பட்டையில் ஒரு சிவப்புக் கைப்பிடி. அதை இழுத்தால் பட்டை கழன்று நான் வெளியே வந்துவிட வேண்டும்.

இழுத்தேன். கழலவில்லை.

இன்னும் பலமாக இழுத்தேன்... ம்ஹூம்.

பதற வேண்டாம். வெளியே வந்துதான் இதை எழுதுகிறேன்.

முதலில் படகைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மழைக்காலத்தில் கர்நாடக மலைப் பக்கம் போய், பாறைக்கு நடுவே சீறிப் பாயும் ஆற்றில் துடுப்புப் போடும் பைத்தியம் எனக்கு உண்டு என்பது இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும். இத்தனை நாளும் வாடகைப் படகு. இந்த வருஷம்தான் சொந்தமாக ஒன்று – ஒற்றையாள் கனூ, பழசு – வாங்கினேன். சென்னையில் நான் இருக்கும் அறையில் அதை வைக்க வேண்டுமானால் நான் வெளியே படுக்க வேண்டும். அதனால் லோடு வேனில் ஏற்றி, சொந்த ஊரான செஞ்சிக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

வேனைவிட்டு இறக்கும்போதே எதிர்வீட்டு அண்ணன் கேட்டார். “தம்பி, ஆறு எப்ப வருது?”

இந்த வகைப் படகில் முட்டி போட்டுத்தான் உட்கார வேண்டும். ஆறு தூக்கிப் போடும்போது உடம்பும் படகும் ஒன்றாகச் சாய்ந்தால்தான் தப்பிக்கலாம். அதற்குத்தான் தொடைப் பட்டை. ஆனால் படகு கவிழ்ந்துவிட்டால்? அதே பட்டைதான் எமன். எனவே ஒரே இழுப்பில் கழல வேண்டும். இறுக்கிப் பிடிக்கவும் வேண்டும், சொன்னவுடன் விடவும் வேண்டும். மனிதர்களிடமே கிடைக்காத குணம்!

பஜாரில் சீட் கவர் கடை வைத்திருக்கும் மணி என் பள்ளித் தோழன். பைக்குக்கும் டிராக்டருக்கும் சீட் தைக்கிறவன். படம் காட்டினேன். பட்டையை நைலான் நூலில் அடித்து, பக்கிள் மாட்டி, சிவப்புக் கைப்பிடி வைத்துக் கொடுத்தான். படகின் உள்தரையில் வளையங்களை ஒட்டி, பசை நன்றாகக் காயவிட்டு, சனிக்கிழமை சாயங்காலம் பட்டையைக் கோத்தேன். வாசலிலேயே படகுக்குள் முட்டி போட்டு இழுத்துப் பார்த்தேன். சரக்கென்று கழன்றது. திரும்பத் திரும்ப மாட்டினேன், கழற்றினேன். எனக்கு ஒரே சந்தோஷம்.

நைனா – எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம் – பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னாடா இது, இவ்ளோ லேசா கழண்டுக்குது?”

“அதான் நைனா சேஃப்டி.”

“ஓ,” என்றார். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இதில் ஒரு வசதி உண்டு – நான் சொன்னால் வீட்டில் எதிர்க் கேள்வி வராது. இதில் ஓர் ஆபத்தும் உண்டு – அதே, எதிர்க் கேள்வி வராது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏரிக்குப் போனோம். மணி மார்பளவுத் தண்ணீரில் காவலுக்கு நிற்பது, நான் வேண்டுமென்றே படகைக் கவிழ்த்து வெளியே வருவது என்று திட்டம்.

“நீ வரலைன்னா எவ்ளோ நேரம்டா பாக்கணும்?” என்று கேட்டான் மணி.

“நான் படகைத் தட்டினா உடனே புரட்டிடு.”

“தட்டலைன்னா?”

“அப்பவும் புரட்டிடு.”

கவிழ்த்தேன். மற்றதை மேலே படித்துவிட்டீர்கள். தட்டினேன். இப்படியும் ஒருவன் தட்ட முடியுமா என்கிற அளவுக்குத் தட்டினேன். மணி அடியில் கை கொடுத்து ஒரே புரட்டாகப் புரட்டினான். வெளிச்சம், காற்று, இருமல். அந்தக் காற்றின் ருசியை எப்படிச் சொல்ல... விடுங்கள், அவரவர் மூக்கைப் பிடித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூச்சு வந்ததும் முதலில் மணியைத்தான் திட்டினேன். அவன் படகைக் கரைக்கு இழுத்து, பட்டையைத் தளர்த்தி என்னை வெளியே விட்டான். அப்புறம் கைப்பிடியைப் புரட்டிப் பார்த்தான்.

“மச்சான், இது என் தையல் இல்ல.”

கைப்பிடிக்கு அடியில், மடிப்புக்குள் மறைவாக, சணல் நூலில் அழுத்தமாக ஒரு தையல். இரண்டு பட்டையிலும். எந்த இடம் கழல வேண்டுமோ, சரியாக அந்த இடத்தில்.

சணல் நூல். கோணி ஊசி. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டைக்கு வாய் தைக்கிற அதே தையல். எங்கள் நைனா மார்க்கெட்டில் லோடுமேன்.

வீட்டுக்கு வந்தோம். நைனா வழக்கம்போல, “சாப்டியா?” என்றார்.

“நைனா, பட்டையத் தச்சது நீயா?”

“ஆமா. காலைல நீ குளிக்கப் போனப்ப. எவனோ உன்ன ஏமாத்தி லூஸா இருக்கறதக் குடுத்துட்டான். படிச்ச புள்ளைய நாலு பேரு முன்னாடி கொற சொல்லக் கூடாதுன்னுதான் நானே தச்சிட்டேன்.”

மணிக்குச் சுருக்கென்றது. “நைனா, அந்த எவனோ நான்தான்.”

“நீயாடா? டிராக்டர் சீட்டாவது ஒழுங்கா தைக்கிறியா?”

எனக்கு வந்த கோபம் பாதியில் நின்றுவிட்டது. “எதுக்கு நைனா தச்ச?”

“வெள்ளத்துல நீச்சல் இன்னா பண்ணும்? படகு மெதக்கும். படகோட இருந்தா நீயும் மெதப்ப. லாரிலேர்ந்து மூட்டை கீழ வுழாம கட்டறதுதான எங்க வேல?”

யோசித்துப் பாருங்கள். இதில் எங்கே தப்பு? கவிழாத படகாக இருந்தால் அவர் சொல்வது நூற்றுக்கு நூறு சரி.

“படகு கவுரும் நைனா.”

“கவுருமா? நீ சேஃப்டின்னு சொன்ன?”

“கவுந்தா கழண்டுக்கணும். அதான் சேஃப்டி.”

“கவுரும்னு நீ சொல்லவே இல்லையே.”

சொல்லவில்லைதான். சொன்னால் போக விடமாட்டார் என்று அந்தப் பாதியை விட்டுவிட்டேன்.

மணி சும்மா இருந்திருக்கலாம். “உள்ளயே மாட்டிக்கினான் நைனா. நான் புரட்டலன்னா...” என்று ஆரம்பித்தான்.

நைனா எழுந்து போய்க் கத்தியை எடுத்துவந்தார். படகுக்குப் பக்கத்தில் குந்தி, ஒவ்வொரு தையலாக அறுத்தார். அறுத்த நூலை விரலால் நிமிண்டி, துணுக்குகூட மிச்சமில்லாமல் எடுத்தார். பிறகு கைப்பிடியை இழுத்தார். மாட்டினார். மறுபடி இழுத்தார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

நம் பக்கத்தில் பாதுகாப்பு என்றால் கட்டுவதுதான். பஸ் மேல் கட்டில் போனாலும், பைக்கில் கேஸ் சிலிண்டர் போனாலும், மேலும் ஒரு சுற்றுச் சுற்றி இன்னொரு முடிச்சு. அவிழ்ப்பதைப் பற்றி இறக்குகிற இடத்தில் யோசித்துக்கொள்ளலாம். பிள்ளைகளையும் அப்படித்தான் வளர்க்கிறோமோ? தெரியவில்லை. எனக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை.

சாயங்காலம் மறுபடி ஏரி. இந்த முறை நைனாவும் வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மணிக்குப் பக்கத்தில் தண்ணீரில் இறங்கி நின்றார். நான் கவிழ்த்தேன். இழுத்தேன். சரக். வெளியே வந்து தலையைத் தூக்கினால், என் சட்டைக் காலர் ஏற்கெனவே நைனாவின் கையில்.

“வுடு நைனா, வந்துட்டேன்.”

“வந்துட்டியா?” விட்டார். கொஞ்சம் தாமதமாக.

கரையேறித் துவட்டும்போது கேட்டார். “அந்த ஆத்துல நீ கவுந்தா பக்கத்துல யாரு நிப்பாங்க?”

“பக்கத்துல நிக்க முடியாது நைனா. இழுப்பு ஜாஸ்தி. கரையிலேர்ந்து ஒருத்தர் கயிறு வீசுவாங்க. அதப் புடிச்சிக்கணும்.”

“கயிறா?” முகம் இப்போதுதான் தெளிந்தது. “லாரி மேல தெனம் வீசறேன். நான் வரேன்.”

டிக்கெட் போட்டாயிற்று. கயிற்றின் மறுமுனையைத் தன் இடுப்பில் கட்டிக்கொள்ளக் கூடாது, கட்டினால் ஆறு அவரையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும் என்பதை மட்டும் அவரிடம் இன்னும் சொல்லவில்லை... சொல்லி முடிக்கும்வரை படகைத் தண்ணீரில் இறக்கப்போவதில்லை.